போய் முடிகிற சாலை

"நாற்பது வயசுக்கு மேலே சைக்கிளா? விழுந்து இடுப்பு எலும்பு போச்சுன்னா யாரு பார்க்கிறது?" இப்படிக் கேட்காத மாமியார் எங்கள் போடியில் இல்லை. கேட்பதில் நியாயமும் இருக்கத்தான் செய்கிறது. லாரியும் ஜீப்பும் உரசிக்கொண்டு போகிற ரோட்டில் பழகின ஆண்களே தடுமாறுகிறார்கள். ஆகவே சைக்கிள் ஓட்ட ஆசைப்படும் சகோதரிகள் முதலில் சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன்: வேறு எந்த ஊருக்கும் போகாத சாலையாகப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் முந்தல் என்று ஓர் இடம். போடியிலிருந்து மேற்கே போனால் மலையடிவாரத்தில் சாலை இரண்டாகப் பிரியும். ஒரு கிளை போடிமெட்டு ஏறிக் கேரளாவுக்குப் போகிறது. அதுதான் கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை. பஸ், லாரி, மூணாறு போகிற டூரிஸ்ட் கார், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் எல்லாம் அதில்தான். இன்னொரு கிளை கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குப் போகிறது. குரங்கணிக்கு அப்புறம் மலைதான். கடந்து போக வழியில்லாததால் கடந்து போகிற வண்டியும் இல்லை. டவுன் பஸ், தோப்புக்காரர்களின் மோட்டார் சைக்கிள், காய் ஏற்றும் வண்டி, அவ்வளவுதான். சனி, ஞாயிறு மட்டும் வெளியூர்க் கார்கள் வரும். அந்த இரண்டு நாளை விட்டுவிடுங்கள்.

இருபுறமும் மாந்தோப்பு, தென்னை, இலவ மரம். தை, மாசியில் மாம்பூ வாசனை. பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் அந்த மாதங்களில் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வது நல்லது. பழைய கதையும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப் காரில் கொட்டகுடிக்கு இறக்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்குக் கொண்டு வந்தார்களாம். மேலே டாப் ஸ்டேஷன் வரை ஓடின குட்டி ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. மாடு பாரம் இழுத்த பள்ளத்தாக்கு, ஆகவே ஏற்றம் மெதுவாகத்தான் ஏறும். பாதியில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள், வெட்கமே வேண்டாம்.

சின்ன வயதில் நாங்களெல்லாம் மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டவர்கள்தான். பாருக்கு அடியில் காலை விட்டு மிதித்தால் உயரமே தேவையில்லை. பெரிய மனுஷி ஆனதும் "போதும், இனிமே வேண்டாம்" என்று வாங்கி வைத்துவிட்டார்கள். அண்ணன் ஓட்டினான், தம்பி ஓட்டினான். நாம் கேரியரில் உட்கார்ந்தோம்.

அதே தமிழ்நாட்டில், 1991-லிருந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முயற்சியில் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கல்லுடைக்கிற பெண்கள், நர்சுகள், அங்கன்வாடி ஊழியர்கள், விவசாயக் கூலிப் பெண்கள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலமே போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. தண்ணீர்க் குடம், விறகு, பிள்ளை எல்லாம் சைக்கிளில் போயிற்று. பஸ்ஸுக்கும் ஆண்பிள்ளைக்கும் காத்திருக்கிற பாடு குறைந்தது. முதலில் கேலி செய்தவர்கள் கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. பெண் காலேஜுக்குப் போனதும் அது மாடிப்படிக்கு அடியில் போய்விடும். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து கிடக்கின்றன. பழைய இரும்புக்காரனிடம் போடுமுன் சைக்கிள் கடையில் கொடுத்து டயர், ட்யூப், பிரேக் கட்டை பார்க்கச் சொல்லுங்கள். செயின் கார்டு கட்டாயம் இருக்க வேண்டும். சேலை கட்டுபவர்கள் பின்சக்கரத்துக்கு வலையும் போட்டுக்கொள்ளுங்கள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருக வேண்டும். சுடிதார் என்றால் துப்பட்டாவைக் குறுக்கே முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

புதிதாகக் கற்பவர்கள் இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் படும்படி சீட்டை இறக்குங்கள். முதல் நான்கைந்து நாள் பெடலைக் கழற்றிவிட்டு, காலால் தரையை உந்தி உந்தித் தள்ளுங்கள். பார்வை சக்கரத்தில் இருக்கக் கூடாது, தூரத்தில் இருக்க வேண்டும். சமநிலை தானே வந்துவிடும். அப்புறம் பெடலை மாட்டலாம். யாராவது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வரவே வேண்டியதில்லை.

கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள். இது நம் ஊர்ப் பேச்சு மட்டுமில்லை. 1890-களில் இங்கிலாந்தில் டாக்டர்களே, சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கு முகம் கோணி 'சைக்கிள் முகம்' வந்துவிடும் என்று எழுதினார்களாம்! யாருக்கும் வரவில்லை. உண்மையில் உடம்புப் பாரத்தைச் சீட் தாங்குவதால், நடக்க முடியாத முழங்கால்காரர்களுக்கும் சைக்கிள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை அரை மணி, கணக்கு சரியாகிவிடும். ஆனால் இருதய நோய் உள்ளவர்களும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே அடி இறங்கின தொந்தரவு இருப்பவர்களும் அப்படியே. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. இரண்டு மிட்டாய் மடியில் இருக்கட்டும்.

போடியிலிருந்து குரங்கணி சுமார் 16 கிலோமீட்டர். முந்தல் வரை பாதி தூரம் நெடுஞ்சாலை. அந்தப் பாதியைப் புதியவர்கள் ஓட்டவே வேண்டாம். காலையில் தோட்ட ஜீப்புகள் பறக்கும், பறிப்புக் காலத்தில் சொல்லவே வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை பேசிக்கொண்டு சைக்கிளை ஏற்றி முந்தலில் இறங்கிவிடலாம். ஆடி மாதம் மேல்காற்று முகத்தில் அறையும். மிதிக்க மிதிக்க வண்டி நகராது, ஆனால் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஆறு பெருகினால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், பாதிக்கு மேல் இளம் பெண்கள். அதற்குப் பின் "பொம்பளைப் பிள்ளைக்கு அந்தப் பக்கமே வேலையில்லை" என்று எங்கள் ஊரில் பல வீடுகளில் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் குழந்தைகளை நினைத்தால் இன்றும் வயிறு பதறுகிறது. ஆனால் தீ வந்தது மேலே காட்டில், காய்ந்த புல் மண்டின சரிவில். பஸ் போகிற தார்ச்சாலையையும் அதையும் ஒன்றாக நினைத்து, பெண்களை மட்டும் அடைத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குரங்கணி ஊர் வரைக்கும்தான் நமக்குச் சாலை. அதற்கு மேல் வனத்துறை அனுமதியில்லாமல் ஓரடி வைக்க வேண்டாம், கோடையில் ஆசையே வேண்டாம்.

டாப் ஸ்டேஷன் வரை இந்தச் சாலையை நீட்ட வேண்டும் என்று பல வருஷங்களாகக் கேட்டு வருகிறார்கள். நீட்டினால் மூணாறு வண்டியெல்லாம் இங்கே திரும்பும், நம் சைக்கிள் ஓரங்கட்டப்படும். அதற்காக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருகிற மேலூர்க்காரிகளுக்கு நம் காற்று வாங்கலை விட அவர்கள் சாலை பெரிது. அது வரும் வரைக்குமாவது அமைதி நமக்கு.

இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் அழுத்தாதீர்கள், குப்புறத் தள்ளிவிடும். பின் பிரேக்கை முதலில் பிடித்து, முன்னதை மெல்லச் சேருங்கள். பலகாரப் பையை ஹேண்டில் பாரில் தொங்கவிடாதீர்கள், குரங்குக்கு அழைப்பு வைத்த மாதிரி.

கண்மாய்க்கரையோ, வாய்க்கால் ஓரமோ, கடற்கரை உப்பளத்துப் பாதையோ, உங்கள் ஊரில் போய் முடிகிற சாலை எது என்று எனக்கு எழுதுங்கள். எந்த நேரத்தில் வண்டி குறைவு என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.