மௌன அஞ்சலி போதாது

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸ் பக்கம் நின்றால் சயனைடு மேட்டின் மேலிருந்து பைக் உறுமும் சத்தம் கேட்கும். பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒரு பக்கம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு ஆலைகள் கொட்டிய கல்மாவு மலைபோல் குவிந்து நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வழவழப்பான சரிவு. கிட்டே போனால்தான் மழைநீர் அறுத்த பள்ளங்கள் தெரியும். விளிம்பை மிதித்தாலே பொடிந்து விழும். வேகமாக வந்து அந்த விளிம்பைத் தாவுகிறவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவருக்குப் பின்னால் வருகிறவருக்கு, முன்னால் போனவர் இறங்கினாரா விழுந்தாரா என்பதும் தெரியாது. கொடி காட்ட ஆளில்லை, ஆம்புலன்ஸ் இல்லை. விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் பதில் சொல்லவும் அங்கே ஒருவரும் இல்லை.

மண் தடத்தில் மேடு தாவி ஓட்டும் மோட்டோகிராஸ் இன்று நேற்று வந்ததில்லை. 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த பந்தயத்திலிருந்து அதன் வரலாற்றைச் சொல்வார்கள். நம் பக்கத்திலும் அது வேர் பிடித்துவிட்டது. மண் தடத்தில் பெயர் வாங்கிய பெங்களூர்க்காரர் சி.எஸ். சந்தோஷ் 2015இல் டக்கார் ராலியை ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024இல் புனே, அகமதாபாத், பெங்களூர் என்று சூப்பர்கிராஸ் லீக் நடந்தது. பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருக்குமா? அந்த ஆசைக்கு நாம் எதிரி இல்லை. ஆனால் இந்த விளையாட்டில் மரணம் நேர்ந்தால் நாம் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்பதே நமது வாதம். இறந்தவருக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதை, அவர் எப்படி இறந்தார் என்பதைக் கண்டறிந்து, மறைக்காமல் எழுதி, எல்லாரும் படிக்க வைப்பது. பூ வைப்பதும் எழுந்து நின்று மௌனம் காப்பதும் அப்புறம்தான்.

மற்ற ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கலாம். தங்கவயலுக்கு வேண்டியதில்லை. 1880இல் தொடங்கி, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடும் வரை இந்த ஊர் மண்ணுக்கு அடியில்தான் பிழைத்தது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கத்தில் பாறையின் அழுத்தம் தாங்காமல் திடீரென வெடிக்கும். ராக்பர்ஸ்ட் என்ற சொல் தெரியாத வீடு மாரிக்குப்பத்தில் இருந்திருக்காது. மேலே வராதவர்களின் வீட்டு வாசலில் நின்று, எல்லாம் தலையெழுத்து என்று சொன்னவர்கள் இங்கேயும் உண்டு. சட்டம் அந்தத் தலையெழுத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, உயிர்ச்சேதம் நேர்ந்ததாக அறிவிப்பு வந்தால் இரண்டு மாதத்துக்குள் விசாரணை நடத்தியாக வேண்டியிருந்தது. பெரிய விபத்துக்கு விசாரணை மன்றம் அமைத்தால் அதன் அறிக்கையை அரசு வெளியிட்டே தீர வேண்டியிருந்தது. பாறை எங்கே முறுக்கேறுகிறது என்று அறிய 1970களின் இறுதியில் நிலஅதிர்வுக் கருவிகள் வந்தன. 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் இந்த ஊரிலேயே பிறந்தது. செத்தவர்களைப் பற்றிக் கேள்வி கேட்டதால் கிடைத்தவை இவை.

சட்டம் இருந்ததால் சுரங்கக் கம்பெனி எல்லாவற்றையும் யோக்கியமாகச் செய்தது என்று சொல்ல வரவில்லை. கல்தூசி நுரையீரலில் படிந்து இருமி இருமி மாண்டவர்களின் பிள்ளைகள் இன்னும் இங்கே லைன் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். ஆனாலும் கேட்பதற்கு ஒரு வழி இருந்தது, கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி ஒருவர் இருந்தார்.

பந்தயத் தடத்துக்கு வருவோம். 2023 ஜனவரி 8ஆம் தேதி சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தேசிய கார் பந்தயத்தில் மூத்த ஓட்டுநர் கே.இ. குமார் இறந்தார். வயது 59. அதே தடத்தில் ஆகஸ்ட் 5ஆம் தேதி தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். புதியவர்களுக்கான பிரிவில் முதலிடத்திலிருந்து கிளம்பும் தகுதியை அன்றுதான் பெற்றிருந்தான். பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில், முதல் திருப்பத்தைத் தாண்டும்போது விழுந்தான். இரண்டுமே தார்த் தடத்தில் நேர்ந்தவை, மோட்டோகிராஸ் இல்லை. ஆனால் இரண்டுக்கும் உரிமம் தருவது இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்புதான், மண் தடத்துக்கும் அதே கூட்டமைப்புதான். இரு முறையும் மீதிப் பந்தயங்களை ரத்து செய்தார்கள். அது சரியான முடிவு, பாராட்ட வேண்டியது. பிறகு இரங்கல் செய்தி வந்தது, இணையத்தில் மெழுகுவத்திப் படங்கள் வந்தன. நமக்குத் தெரிய வேண்டியது வேறு: பின்னால் வந்தவருக்கு எச்சரிக்கை போயிற்றா, தடுப்பும் தடத்தின் ஓரமும் எப்படி இருந்தன, தலைக்கவசம் என்ன ஆயிற்று, மருத்துவர் எத்தனை நொடியில் போய்ச் சேர்ந்தார், அந்த வயதுக்கு அந்த வண்டியும் அந்தக் கூட்டமும் சரிதானா. மகனைப் பந்தயத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் ஒரு தாய்க்கு இரங்கல் செய்தியால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு இந்த விடைகள் வேண்டும்.

உலகத்தில் இப்படிச் செய்திருக்கிறார்களா என்றால், செய்திருக்கிறார்கள். 1935இல் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு, நினைவு திரும்பாமலே சில நாளில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் அத்தோடு விட்டுவிடவில்லை. தலையில் அடிபட்டு இறந்த மோட்டார் சைக்கிள்காரர்களின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்து 1941இல் வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவத்தின் செய்தி ஓட்டுநர்களுக்கு அதே ஆண்டு தலைக்கவசம் கட்டாயமாயிற்று. மண் தடத்துக்கே உரிய உதாரணமும் உண்டு. 2001இல் தென்னாப்பிரிக்காவில் சக ஓட்டுநர் ஒருவர் பந்தயத்தில் இறந்ததை நேரில் பார்த்த மருத்துவர் கிறிஸ் லியட், கழுத்து எலும்பைக் காக்கும் பட்டையை உருவாக்கும் வேலையில் இறங்கினார். இன்று மோட்டோகிராஸ் ஓட்டுகிறவர்கள் பலர் தோளில் அணியும் அந்தக் கழுத்துக் காப்பு அப்படி வந்ததுதான். 2021இல் சர்வதேச மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஒரே ஆண்டில் மூன்று பதின்பருவ ஓட்டுநர்கள் இறந்தார்கள். சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அந்த ஆண்டே, உலகப் பந்தயத்துக்கான குறைந்தபட்ச வயது 2023 முதல் பொதுவாக 18 என்று அறிவித்தது. இளையோர் பந்தயங்களில் ஒரே நேரத்தில் கிளம்பும் வண்டிகளின் எண்ணிக்கையையும் குறைத்தது. பிள்ளையை இழந்த வீட்டுக்கு இதனால் பிள்ளை திரும்பி வராது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரோ ஏதோ செய்தார்கள் என்பது மாலையைவிடக் கனமானது.

மோட்டோகிராஸில் உயிர் போகும் விதங்களில் ஒன்று இது. தாவும் மேட்டின் மறுபக்கத்தில் ஒருவர் விழுந்து கிடப்பார். ஏறி வருகிறவரின் கண்ணுக்கு மேட்டின் உச்சி மட்டுமே தெரியும். சக்கரம் தரையை விட்ட பிறகு பிரேக்குக்கு வேலை இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தாவு மேட்டிலும், மறுபக்கம் தெரிகிற இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் கொடியோடு நிற்க வேண்டும் என்கிறார்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முந்தக் கூடாது, தாவக் கூடாது. சிவப்புக் குறுக்குக் கோடு போட்ட வெள்ளைக் கொடி வந்தால் மருத்துவக் குழு தடத்தில் இருக்கிறது என்று பொருள், அப்போது சக்கரம் தரையை விடவே கூடாது. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு தடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு நாள் பயிற்சி, ஆளுக்கொரு கொடி. பரிசுக் கோப்பைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும். உள்ளூரில் பந்தயம் வைக்கிறவர்கள் முதலில் கைவைப்பது இந்தச் செலவில்தான்.

விழுந்தவரைக் காக்கும் வேலையிலும் நமக்குப் பழக்கம் சரியில்லை. ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்து, தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்து, வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் நம் ஊர் உதவி. கழுத்து எலும்பு முறிந்திருந்தால் அந்த உதவியே முடித்துவிடும். அசைக்காமல், தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்துக்கொண்டு, மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, தெரிந்தவர் வரும் வரை காத்திருக்க வேண்டும். தங்கவயலில் இது இன்னும் முக்கியம். ஒரு காலத்தில் பேர்போன கம்பெனி ஆஸ்பத்திரி, சுரங்கத்தோடு போயிற்று. தலையில் பலத்த அடி என்றால் கோலாருக்கோ பெங்களூருக்கோதான் ஓட வேண்டும்.

அடுத்தது, பேச்சு. விபத்து நடந்த சில நிமிடத்தில் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, வீட்டுக்குத் தகவல் போகும் முன்பே. கீழே கருத்துகள்: பெற்றவர்களுக்கு அறிவில்லை, கொழுப்பெடுத்துப் போனான், பணக்கார வீட்டுப் பிள்ளை. இதற்கு நேர் எதிரான இன்னொரு பேச்சும் உண்டு: பிடித்ததைச் செய்துகொண்டே போனார், வீரமரணம். முன்னது கொடூரம், பின்னது தித்திப்பாக இருக்கிறது. ஆனால் இரண்டும் விசாரணையின் கதவைச் சாத்துகின்றன. கொழுப்பெடுத்துச் செத்தாலும் வீரமாகச் செத்தாலும் தடத்தில் என்ன குறை என்று கேட்க ஒன்றும் மிச்சமில்லை. அமைப்பாளருக்கு இதைவிட வசதி வேறென்ன?

2020 ஜனவரி 12ஆம் தேதி சவுதி அரேபியாவில் நடந்த டக்கார் ராலியில், இந்தியாவின் ஹீரோ அணிக்காக ஓட்டிய போர்த்துகீசியர் பாவ்லோ கொன்சால்வெஸ் விழுந்து இறந்தார். டோபி பிரைஸ் போன்ற போட்டியாளர்கள் தங்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவர் அருகில் நின்றார்கள். அடுத்த நாள் பைக் பிரிவின் ஓட்டம் ரத்தானது, ஹீரோ அணி போட்டியிலிருந்தே விலகியது. அடுத்த ஆண்டு அதே ராலியில் அதே அணியின் சந்தோஷ் விழுந்து மயக்க நிலைக்குப் போனார். நல்ல வேளையாக உயிர் தப்பி ஊர் திரும்பினார். பாலைவனத்தின் நடுவே பந்தயத்தை விட்டுவிட்டு நிற்கிறவர்களிடம் கற்றுக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது. குறைந்தபட்சம் கைபேசியைப் பைக்குள் வைக்கலாம்.

சயனைடு மேடுகளைப் பொறுத்தவரை நம் கருத்து பலருக்குப் பிடிக்காது. அங்கே பைக் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். தடம் ஆபத்தானது என்பது ஒரு காரணம். அந்த மண்ணே ஆபத்தானது என்பது இன்னொன்று. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி யார் வீட்டுக்குள் போகிறது என்று கீழே குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சக்கரம் கிளப்பும் தூசி ஓட்டுகிறவரின் நெஞ்சோடு நிற்பதில்லை. 13 மேடுகளில், 1,003 ஏக்கரில், மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்திருக்கிறது. எடுப்பார்களோ மாட்டார்களோ, அதுவரை மேடுகளைக் கேட்பாரில்லாமல் விட முடியாது.

ஆனால் போலீஸை வைத்து விரட்டினால் பையன்கள் இன்னொரு மேட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான். விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிற ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கிறது. சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆயிற்று, இந்த இளைஞர்களுக்கென்று அரசு இங்கே செய்தது என்ன? தூசியில்லாத வேறு நிலத்தில், கூட்டமைப்பின் உரிமத்தோடு, கொடிக்காரர்களும் ஆம்புலன்ஸும் இருக்கும் ஒரு சிறு மண் தடத்தை மாவட்ட நிர்வாகம் ஏற்படுத்தித் தரலாம். உரிமம் இல்லாத பந்தயம் நடந்தால் ஓட்டியவரை விட்டுவிட்டு, நடத்தியவர் மேலும் பணம் போட்டவர் மேலும் வழக்குப் போடட்டும்.

மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்புக்கு நம் கோரிக்கை ஒன்றே. பந்தயத்தில் உயிர் போனால் இரண்டு மாதத்துக்குள், அமைப்பாளரோடு தொடர்பில்லாத ஒரு பொறியாளரும் ஒரு மருத்துவரும் இருக்கும் குழு விசாரிக்க வேண்டும். அறிக்கையை முதலில் குடும்பத்திடம் தந்து, பிறகு தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும். அறிக்கை வரும் வரை அந்தத் தடத்தில் அடுத்த பந்தயம் கூடாது. தங்கவயலின் சுரங்கத் தொழிலாளிக்கு எழுபது ஆண்டுக்கு முன்பே சட்டம் தந்த உரிமைக்கு மேல் இதில் அதிகம் ஒன்றுமில்லை. இருங்காட்டுக்கோட்டையின் 2023ஆம் ஆண்டு மரணங்கள் இரண்டிலிருந்தே கூட்டமைப்பு இதைத் தொடங்கட்டும்.