மேளம் நின்ற பிறகு



சென்ற ஆண்டு நம் பங்கின் திருவிழா முடிந்த மறுநாள் காலை, கொடியிறக்கத்திற்கான ஆயத்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி வந்தது. முந்தின இரவு தேர்ப்பவனியில் பேண்டு வாசித்த குழுவினருள் ஓர் இளைஞருக்குத் தறிக்கூடத்தில் கையில் அடிபட்டுவிட்டது. இடக்கை விரல்கள் இரண்டு நசுங்கிவிட்டன என்றார்கள். அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். இருபத்திரண்டு கிலோமீட்டர் அப்பாலுள்ள வேறொரு பங்கின் பிள்ளை. வயது இருபத்தாறு. பகலில் விசைத்தறி, விழாக்காலங்களில் இரவில் சைடு டிரம்.

மருத்துவமனைக்குச் சென்று கண்டோம். கட்டுப்போட்ட கையை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, குற்றம் செய்தவரைப் போல எழுந்து உட்கார முயன்றார். நடந்தது யாதெனில், ஓடிக்கொண்டிருந்த தறியில் பாவு நூல் ஒன்று அறுந்திருக்கிறது. தறியை நிறுத்திவிட்டு நூலை முடிய வேண்டும் என்பது தறிவேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எவரும் கற்கும் பாடம். இவரோ எட்டு ஆண்டுகளாகத் தறி ஓட்டுபவர். நிறுத்தாமலே கையை நீட்டிவிட்டார்.

“தம்பி, தூங்கிவிட்டாயா?” என்று கேட்டோம்.

“இல்லைங்க சாமி. கண்ணு திறந்துதான் இருந்துதுங்க. தறி ஓடுதுங்கிறது மட்டும் தெரியாம போச்சுங்க” என்றார்.

இச்சொற்கள் பல நாள் நம்மை விட்டு அகலவில்லை. ஏனெனில் அந்த இரவை வகுத்தவர்கள் நாமே. மாலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய தேர், விருந்தினர் வரத் தாமதமானதால் ஒன்பதரைக்குப் புறப்பட்டது. தெருவுக்குத் தெரு மக்கள் நிறுத்தி மெழுகுதிரி ஏற்றினர். தேர் கோவிலை வந்தடைந்தபோது மணி ஒன்றரை. அதன் பின்பும் ஆலய முற்றத்தில் அரைமணி நேரம் வாசிக்கச் சொன்னவர்கள் விழாக் குழுவினர், தலையசைத்தவர் பங்குத்தந்தை. இரண்டே கால் மணிக்கு அவர்களுக்கு உணவளித்தோம். அவ்விளைஞர் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு சேர்ந்து, உடை மாற்றி, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து, ஆறு மணி முறைக்குத் தறிக்கூடம் சென்றிருக்கிறார். இதற்கு முந்தின ஞாயிறன்றுதான், திருப்பலியில் தூங்கி விழும் இளைஞர்களைப்பற்றி நாம் சற்றுக் கடுமையாகவே மறையுரை ஆற்றியிருந்தோம். (குருமட நாள்களில் காலைத் தியானத்தின்போது தூங்குவதில் நாம் பெற்றிருந்த தேர்ச்சியை உடன் பயின்றோர் அறிவர். அது வேறு கதை.)

சேலம், நாமக்கல் சமவெளியில் இத்தகைய இரட்டை வாழ்க்கை வாழ்வோர் பலர். திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், இடைப்பாடி, தாரமங்கலம் பக்கங்களில் தறி ஓட்டுபவர் இரவில் பம்பை அடிக்கிறார். கோழிப்பண்ணையில் முட்டை எடுப்பவர் இன்னிசைக் குழுவில் பாடுகிறார். லாரிப் பட்டறையில் கூண்டு கட்டுபவர் தவில் வாசிக்கிறார். தெருக்கூத்துக் கலைஞர்களின் நிலை இன்னும் கடினமானது. கூத்து இரவு தொடங்கி விடியுமட்டும் நடப்பது. ஒருமுறை மிருதங்கம் வாசிக்கும் முதியவர் ஒருவரிடம் இதுபற்றி உரையாடினோம். வேடம் கட்டுபவன் தன் கட்டம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் சிறிது சாயலாம். கோமாளி பேசும்போது சனங்கள் விழித்துக்கொள்வார்கள். மிருதங்கக்காரனும் ஆர்மோனியக்காரனும் முகவீணைக்காரனும் மட்டும் எங்கே போவது என்றார். விடிந்ததும் அவர் சென்றது கட்டட வேலைக்கு.

ஏன் இரண்டு வேலை என்று கேட்பது எளிது. விழாக் காலம் ஆண்டில் சில மாதங்களே. அவ்வருவாயை நம்பித் தறியை விட்டால் மற்ற மாதங்களில் அடுப்பு எரியாது. தறிக்கூலியை மட்டும் நம்பினால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்ட இயலாது. இவையெல்லாம் போக, மேளத்தின் மீது கொண்ட பற்று என்று ஒன்று உண்டு. அதனைக் கணக்கில் எழுத முடியாது.

இனி, தூக்கத்தைப்பற்றி நாம் கற்றறிந்த சிலவற்றைக் கூறுவோம். நம் சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை எல்லாரும் அறிவீர்கள். பொழுது சாய்ந்ததும் இலை மடக்கிக்கொள்ளும். வெயில் போனதால் மடக்குகிறது என்றே நாம் எண்ணுகிறோம். 1729ஆம் ஆண்டில் தெ மைரான் என்னும் பிரெஞ்சு அறிஞர், இவ்வாறு இலை மடக்கும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாத நிலையிலும் செடி உரிய வேளையில் இலை விரித்து, உரிய வேளையில் மடக்கிற்று. உயிரினங்களுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதற்கு அது முதற் சான்றாயிற்று. அக்கடிகாரம் உயிரணுக்களில் எவ்வாறு இயங்குகிறது என்று கண்டறிந்தமைக்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரத்தின்படி மனிதருக்கு அதிகாலை ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மணிவரை உடற்சூடு மிகத் தாழ்ந்திருக்கும்; விழிப்பும் அவ்வாறே தாழும். நண்பகல் உணவுக்குப் பின் மற்றொரு சிறு தாழ்வு உண்டு. மேளக்காரர் வீடு திரும்புவது முதல் தாழ்வில். அவர் தறியருகே நின்று இரண்டாம் தாழ்வையும் கடக்க வேண்டும்.

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓர் ஒப்பீடு செய்தனர். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஐம்பது மில்லிகிராம் சாராயச்சத்து உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று கண்டனர். இருபத்து நான்கு மணி நேரம் விழித்திருந்தால் ஏறத்தாழ நூறு மில்லிகிராம் உள்ளவரின் நிலை. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை முப்பது மில்லிகிராம். காலை ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு இரவு பத்து மணியோடு பதினேழு மணி நேரம் நிறைவுறுகிறது. நம் தேர் கோவிலை அடைந்தபோது அவ்விளைஞர் இருபதரை மணி நேரம் விழித்திருந்தார். குடித்துவிட்டு வாசிக்க வந்திருந்தால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்போம். குடியாத அவரை, குடித்தவரின் நிலைக்கு நாமே கொண்டுசென்று, வெகுமதியும் தந்து வண்டியேற்றி அனுப்பினோம்.

இதில் வஞ்சகமான பகுதி ஒன்றுண்டு. “மேளம் அடிக்கும்போது தூக்கம் வராதுங்க சாமி, நின்ன பிறகுதான் வரும்” என்றார் அவர். முழுதும் உண்மை. ஒலியும் விளக்கும் கூட்டமும் களைப்பை மறைத்து வைக்கின்றன, போக்குவதில்லை. வாசிப்பு முடிந்தபின் சூடேறிய உடல் தணிய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை படுத்தாலும் உறக்கம் வராது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் ‘நன்றாக விழித்திருக்கிறோம்’ என்று நம்பி வண்டியில் ஏறுகிறார்கள். பாதி வழியில் அது தீர்ந்துபோகிறது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடும். நான்கு நொடி இமை மூடினால் அறுபத்தாறு மீட்டர் ஓட்டுநரின்றி ஓடியதாகக் கணக்கு. இக்கணக்கை நாம் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. பக்கத்துப் பங்கின் விழாவிலிருந்து பின்னிரவில் திரும்புகையில், ஒரு பாலத்தின் தொடக்கத்தைக் கண்ட நினைவும், அதன் முடிவைக் கண்ட நினைவும் இருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை.

முகம் கழுவுதல், எதிர்காற்றில் தலையை நீட்டுதல், பாக்கு மெல்லுதல் ஆகியவை சில நிமிடங்களுக்கே உதவும். புகையிலைப் பொட்டலமும் மருந்துக் கடையில் இரகசியமாகக் கேட்கும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். தேநீரும் காப்பியும் உண்மையில் உதவும். ஆனால் அவற்றின் நடைமுறை பலருக்குத் தெரியவில்லை. காப்பி குடித்து இருபது, முப்பது நிமிடம் கழித்தே அதன் ஆற்றல் தொடங்குகிறது. குடித்ததில் பாதி ஐந்து மணி நேரத்திற்குப் பின்பும் உடலில் தங்கியிருக்கிறது. ஆதலால் வாசிப்பு முடியும் நேரத்தில் குடிக்கும் காப்பி, வீட்டில் கிடைக்கும் சிறிது உறக்கத்தையும் கெடுக்கும். அதனை முன்னிரவோடு நிறுத்திக்கொள்வது நலம். நெடுந்தொலைவு வண்டி ஓட்டியே ஆகவேண்டும் என்றால், ஒரு குவளை காப்பி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுத்து எழுந்து புறப்படலாம்; உறக்கமும் காப்பியும் ஒருசேர உதவும். எழுந்தவுடன் சிறிது மந்தம் இருக்கும். அது தெளியுமட்டும் சாவியைத் தொடலாகாது.

இவை எல்லாவற்றினும் சிறந்தது, வாசிக்கப் போகுமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் உறங்குவது. இழந்தபின் ஈடுசெய்வதைவிட முன்னரே சேர்த்துவைப்பது மேல். இங்கேதான் குடும்பங்களின் உதவி தேவைப்படுகிறது. மாலையில் படுத்திருக்கும் மகனை ‘விளக்கு வைக்கும் நேரத்தில் என்ன தூக்கம்’ என்று எழுப்பாத தாய் நம் வட்டாரத்தில் அரியவர். அன்னையரே, இவ்வொரு விதிக்கு விலக்கு அளியுங்கள். பகலில் உறங்குபவருக்குச் சன்னலை மூடி இருட்டாக்கிக் கொடுங்கள். தொலைக்காட்சியைத் தணித்து வையுங்கள். நாமக்கல் வாசிகளுக்கு இது புதிய செய்தி அன்று. முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம், எட்டு மணி நேரம் இருட்டு என்று அளந்து கொடுக்கிறோம். அவ்வேளை தவறினால் முட்டை குறையும் என்பதைப் பண்ணைக்காரர் நன்கறிவர். லாரிக்காரர்களும் அறிவர், வடநாட்டு ஓட்டத்திற்கு இரண்டு ஓட்டுநர்களை அனுப்பி, ஒருவர் ஓட்ட மற்றவர் உறங்கச் செய்கிறார்கள். கோழிக்கும் லாரிக்கும் காட்டும் இந்த அறிவை மேளக்காரருக்குக் காட்ட நமக்கு ஏனோ தோன்றவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் இருபதாம் அதிகாரத்தில் துரோவா நகர நிகழ்ச்சி ஒன்றைப் படிக்கிறோம். பவுலடியார் நள்ளிரவுவரை உரையாற்றுகிறார். பலகணியில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் உறக்க மிகுதியால் மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறார். பவுலடியார் இறங்கிச் சென்று அவரைத் தழுவிக்கொண்டதாகக் காண்கிறோமேயன்றி, கடிந்துகொண்டதாகக் காணோம். (பின்னர் மாடிக்குத் திரும்பி விடியும்வரை பேசினார் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். மறையுரையாளர்களின் இயல்பு அன்றே அப்படி.)

ஒலிபெருக்கி பற்றிய சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. சமய, பண்பாட்டு விழாக்களுக்கு ஆண்டில் பதினைந்து நாள்களுக்கு மேற்படாமல் நள்ளிரவுவரை அரசு தளர்வு தரலாம். 2005இல் உச்ச நீதிமன்றமும் இவ்விதிகளை வலியுறுத்தியது. நாமோ இதுகாறும் அதனை விழாவுக்கு வந்த இடையூறாகவே கருதிவந்தோம்.

இவ்வாண்டு விழாக் குழுவை மூன்று மாதங்களுக்கு முன்னரே கூட்டினோம். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் தேர் ஆறரை மணிக்குப் புறப்படும். தெருவில் நிறுத்தும் இடங்கள் ஐந்துக்கு மேல் இல்லை. மேளக்காரர்களுக்கு முதலிலேயே உணவு. வாசிப்பு பத்து மணியோடு நிறைவு. தொலைவிலிருந்து வருவோர் இரவு ஞானோபதேசக் கூடத்தில் தங்கலாம். பேசிய தொகையில் ஒரு காசும் குறையாது என்று முடிவாயிற்று. எளிதாக முடியவில்லை. “பாதி ராத்திரி ஆகாமல் அது என்ன தேர்? பக்கத்து ஊரார் சிரிக்க மாட்டார்களா?” என்று பெரியவர் ஒருவர் எழுந்து வெளியேறினார். விழாவன்றும் அவர் முகம் மலரவில்லை. தேர் பத்தேகால் மணிக்கு நிலை சேர்ந்தபோது முற்றத்தில் கூட்டம் குறைவு என்பதும் உண்மையே. பத்து மணிக்கு மேல்தான் வெளியூர் உறவினர் வந்துசேர்வது வழக்கம். அடுத்த ஆண்டு இதுபற்றி மீண்டும் வழக்கு எழும் என்று எதிர்பார்க்கிறோம்.

அவ்விளைஞரும் வந்திருந்தார். கை கூடிவிட்டது. மோதிர விரல் மட்டும் முழுதும் மடங்கவில்லை. குச்சியை வேறு விதமாகப் பிடிக்கப் பழகியிருக்கிறார். தறிக்கூட முதலாளியிடம் முன்கூட்டிச் சொல்லி, மறுநாள் காலை முறையை இரவு முறைக்கு மாற்றிக்கொண்டதாகக் கூறினார். குழுவில் ஐவர் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தனர்.

மறுநாள் ஆறு மணித் திருப்பலிக்கு முன், கோவில்பிள்ளை நம்மிடம் வந்து தயங்கி நின்றார். மணிக்கூண்டு கூடத்தை ஒட்டியே இருக்கிறது. மணி அடிக்கலாமா என்பது அவர் கேள்வி. மணி அடிக்காமல் இருக்க இயலாது என்றோம். ஒலிபெருக்கியில் காலைப் பாடல் போடுவதை மட்டும் அன்று நிறுத்தச் சொன்னோம். மணி அடித்தது. கூடத்தில் ஒருவரும் எழவில்லை.