'ஆன்டிஆக்ஸிடன்ட்' மாத்திரை ஆயுளைக் கூட்டுமா? 30 ஆண்டு ஆய்வுகள் சொல்வது என்ன?

கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்த வைட்டமின் சி மாத்திரை இன்னும் போகவில்லை. கூடவே வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், செலினியம் என்று ஒரு பட்டாளமே சேர்ந்துவிட்டது. ஆப்பில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். சரி, உண்மையிலேயே ஆயுள் கூடுதா?

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் நியாயமான ஒரு அறிவியல் யோசனை இருக்கு. உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது 'ஃப்ரீ ரேடிக்கல்'கள் உருவாகின்றன. அவை செல்களைச் சேதப்படுத்துவதால்தான் முதுமை வருகிறது என்று 1956-ல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் சொன்னார். காய்கறி, பழம் நிறைய சாப்பிடுபவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்றும் பல ஆய்வுகள் காட்டின. அப்போ அதிலிருக்கும் வைட்டமினை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால்?

பின்லாந்தில் கொடுத்துப் பார்த்தார்கள். 50 முதல் 69 வயது வரையிலான, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். சிலருக்கு பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு டம்மி மாத்திரை. 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18% அதிகமாக இருந்தது. தற்செயல் என்று நினைக்கலாம். ஆனா அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-வையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 28% அதிகம். 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்பே அதை நிறுத்தினார்கள்.

எண்களை எப்படிப் படிப்பது?

2012-ல் காக்ரேன் அமைப்பு 78 ஆய்வுகளை, அதாவது 2,96,707 பேரின் தரவுகளைச் சேர்த்து அலசியது. அதில் தரமான 56 ஆய்வுகளை மட்டும் பார்த்தால், மாத்திரை எடுத்தவர்களில் 12.9% பேரும், எடுக்காதவர்களில் 10.6% பேரும் இறந்திருந்தார்கள். நேராக வகுத்தால் ஆபத்து 20 சதவீதத்துக்கு மேல். வாட்ஸ்அப்பில் பயமுறுத்த வசதியான எண். ஆனா அது தப்பான கணக்கு. ஒவ்வொரு ஆய்விலும் பங்கேற்றவர்களின் வயது வேறு, உடல்நிலை வேறு, குழுக்களின் அளவும் வேறு. ஆய்வுக்குள்ளேயே ஒப்பிட்டு, பிறகுதான் சேர்க்கணும். அப்படிச் சேர்த்தால் கூடுதல் ஆபத்து 4%.

சின்ன எண்தான். ஆனா ஆயுள் கூடும் என்று காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு எண் எதிர்த் திசையில் நிற்கிறதே! சந்தேகம் முக்கியமாக பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மேல்தான். வைட்டமின் சி-யால் அப்படிக் கெடுதல் தெரியவில்லை. ஆயுள் கூடியதாகவும் தெரியவில்லை.

ஏன் இப்படி? ஃப்ரீ ரேடிக்கல் முழு வில்லன் இல்லை. கிருமியைக் கொல்ல நம் நோய் எதிர்ப்பு செல்களே அதைத் தயாரிக்கின்றன. உடற்பயிற்சியின்போது தசைகளுக்கு அது ஒரு சிக்னல். 2009-ல் ஜெர்மனியில் இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், நான்கு வாரம் பயிற்சி செய்தவர்களுக்கு இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. தினமும் வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட் எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனா ஜிம்முக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் சப்ளிமென்ட்கள் பெரும்பாலும் உணவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மருந்துக்குக் கேட்கும் அளவு பரிசோதனை இவற்றுக்குக் கேட்கப்படுவதில்லை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று டப்பாவில் சின்ன எழுத்தில் இருப்பது அதனால்தான். ஐசிஎம்ஆர் 2020 பரிந்துரைப்படி ஒரு ஆணுக்கு தினமும் 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும், பெண்ணுக்கு 65. நடுத்தர அளவு கொய்யா ஒன்று அதைத் தாண்டிவிடும்.

வைட்டமின் குறைபாடு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது வேறு விஷயம். அதை நிறுத்த வேண்டாம். விழித்திரைத் தேய்மானம் உள்ள முதியவர்களுக்குத் தரப்படும் வைட்டமின் கலவைக்கும் பலன் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஆனா அதிலும் பழைய ஃபார்முலாவில் பீட்டா கரோட்டின் இருந்தது. பிறகு அதற்குப் பதில் லூட்டின், ஸியாசாந்தின் சேர்த்தார்கள். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ புகைபிடிப்பவர் அல்லது முன்பு பிடித்தவர் என்றால், அவர் எடுக்கும் மல்ட்டிவைட்டமின் டப்பாவைத் திருப்பி பீட்டா கரோட்டின் இருக்கான்னு இன்றைக்கே பாருங்கள்.