தவணைக்கு வாங்கும் சாமானும் தொழிலாளியின் பலமும்

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆகிவிட்டது. "அதான் சம்பளம் ஏறிடுச்சே, இன்னும் என்ன குறை?" என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று, அதாவது 187 வெள்ளி கழிந்தால் நிற்பது 1,513. சொக்சோ கழிவு வேறு. ஒரு வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு 250, கைத்தொலைபேசிக்கு 100, பெரிய டிவிக்கும் நாற்காலி செட்டுக்கும் 150 என்று தவணை ஓடுவதாக வைத்துக்கொள்வோம். உலை வைக்கும் முன்னே 500 வெள்ளி போச்சு! மிச்சம் ஆயிரத்துச் சொச்சத்தில்தான் அரிசி, பள்ளிக்கூடம், மருந்து எல்லாம்.

மோட்டார் சைக்கிள் வேண்டியதுதான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து வீட்டில் வாங்கினார்கள் என்பதற்காக வாங்கும் சாமான்கள் எத்தனை? முன்பெல்லாம் தவணைக் கடைக்காரர் தோட்டத்துக்கு வர வேண்டும். இப்போது "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" என்று கைத்தொலைபேசியே கூப்பிடுகிறது.

இதில் பணம் மட்டுமா போகிறது? அடுத்த மாதத் தவணையை நினைத்துப் பயப்படுகிறவர், பெரட்டுக்களத்தில் நின்று நியாயம் கேட்கத் தயங்குவார். கடன் ஏற ஏற, சங்கத்தின் பலம் இறங்குகிறது.

லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கத்திரியும் வைத்து, நாலு கோழி வளர்த்த குடும்பங்கள் நம்மிடம் இருந்தன. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசிக்கு வழியில்லாதபோது, மரவள்ளிக் கிழங்குதான் பல உயிர்களைக் காப்பாற்றியது.

அதற்காகப் பழைய காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. "சிக்கனமாக இரு" என்று புத்தி சொல்லிக்கொண்டே கூலியை அமுக்கப் பார்ப்பவர்களுக்கு நாம் ஒத்து ஊதவும் முடியாது. சம்பளத்துக்குப் போராட வேண்டும். வந்த சம்பளத்தைக் காப்பாற்றவும் வேண்டும். இன்னொன்று: அந்தக் காய்கறிப் பாத்தி இருந்தது நிர்வாகத்தின் நிலத்தில். தோட்டம் கைமாறினால் முருங்கை மரத்தை விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில் இதற்கு ஒரு வழி பிறந்தது. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அதுவும் தவணைதான்! ஆனால் அது நிலம் வாங்கிய தவணை.

தோழர்களே, இடமிருந்தால் நாலு செடி வையுங்கள். சொந்த வீட்டுக்கும் அதை ஒட்டிய நிலத்துக்கும் சேர்ந்து குரல் கொடுங்கள். அடுத்த முறை யாராவது தவணைத் தாளை நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.