பிரசவம் முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா?

‘குழந்தைதான் பிறந்தாச்சே, இன்னும் எதுக்கு சத்து மாத்திரை?’ பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பலரும் முதலில் ஓரங்கட்டுவது, அந்தச் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையைத்தான். ஆனால், அது உடலுக்கு மிகவும் தேவைப்படும் நேரமே அதுதான்.

தாயின் ரத்த அளவு பெருக, குழந்தையும் நஞ்சுக்கொடியும் வளர என ஒரு கர்ப்பகாலத்துக்கு மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். சிசேரியனில் இன்னும் அதிகம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை. ஏற்கெனவே இருப்பு குறைந்த உடம்பு, பிரசவத்தில் இன்னும் இழக்கிறது.

எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?

மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, 4-வது மாதத்திலிருந்து தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள்கள். குழந்தை பிறந்த பிறகு மேலும் 180 நாள்கள். கர்ப்பகாலத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் அது ரத்தச்சோகை. அப்போது மாத்திரையின் அளவைக் கூட்டுவதா, ஊசி போடுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

எப்படிச் சாப்பிட வேண்டும்?

* டீ, காபியுடன் வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.
* கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி அவசியம்.
* எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா சேர்த்தால் சத்து நன்றாக உடலில் சேரும்.
* குமட்டினால், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்புதான்.
* மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது கட்டுக்கதை.

பேரீச்சையும் பீட்ரூட்டும் போதாதா?

போதாது. இரண்டிலுமே 100 கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்புச்சத்துதான் இருக்கிறது. முருங்கைக்கீரை, பயறு வகைகள், சுவரொட்டி எல்லாம் நல்லவை. பத்தியம் என்ற பெயரில் கீரையை ஒதுக்காதீர்கள். ஆனாலும், இவை எதுவும் மாத்திரைக்கு மாற்று இல்லை.

படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? படபடப்பு, தலைசுற்றல் இருக்கிறதா? ‘பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடப் போகும்போது, அம்மாவுக்கும் ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். கூடப் போகும் அப்பாக்களே, இதை ஞாபகப்படுத்துவது உங்கள் பொறுப்பு!