எங்கிருந்து அளந்த அடி?

வைகை அணையில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் ஆண்டிபட்டி வட்டாரத்தில் பேச்செல்லாம் அடிக்கணக்குத்தான். 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை. 71 அடியில் அணை நிறைவு. உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்கான 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் ஏற வேண்டுமானால் அணையில் 67 அடிக்கு மேல் இருக்க வேண்டும். ஆக, அந்த ஊர்களின் பாசனம் மேல் நான்கு அடிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இந்த 71 அடி கடல் மட்டத்திலிருந்து அளந்தது அன்று. அணைக்கென வகுத்த அடிமட்டத்திலிருந்து அளந்தது. முல்லைப் பெரியாற்றின் 142 அடியும் அப்படியே. 1886-ஆம் ஆண்டுக் குத்தகைப் பத்திரமே, அணை அமையும் இடத்தில் ஆற்றுப் படுகையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்துதான் 155 அடியைக் குறித்தது. இரண்டும் வெவ்வேறு தரையில் நிற்கும் ஏணிகள். ஒன்றின் படியை மற்றதோடு ஒப்பிட முடியாது.

எல்லா ஏணிக்கும் பொதுத் தரை கடல் மட்டமே. கடல் நாளும் ஏறி இறங்குவதால் அதன் சராசரியையே சுழியாகக் கொள்கிறார்கள். நாகப்பட்டினம், சென்னை, கொச்சி உள்ளிட்ட 9 துறைமுகங்களின் சராசரியை வைத்து, 1909-இல் நாடு முழுமைக்கும் ஒரே கணக்கு வகுக்கப்பட்டது. அங்கிருந்து மட்டக் கருவியும் அளவுகோலும் கொண்டு படிப்படியாக உள்நாட்டுக்கு அளந்து வந்து, ஆங்காங்கே கல்லில் குறி வெட்டினார்கள்.

கைப்பேசி காட்டும் உயரம் போதாதா என்று இளைஞர்கள் கேட்கலாம். செயற்கைக்கோள் அளப்பது கடலிலிருந்து அல்ல. கணக்கில் வகுத்த, சற்றே தட்டையான ஓர் உருண்டையின் மேற்பரப்பிலிருந்து. நம் தென்கோடியில் கடல் மட்டம் அந்தப் பரப்புக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. அதைத் திருத்திக் காட்டும் கைப்பேசியிலும் சில மீட்டர் பிழை வரும். வாய்க்கால் வாட்டமோ அங்குலக் கணக்கு!

ஆகவே, ஒவ்வொரு கண்மாயின் மடைத் தளமும், கலுங்கின் உச்சியும், கால்வாய்த் தலைமதகின் தளமும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து, அந்த இடத்திலேயே கல்லில் தமிழில் பொறிக்க வேண்டும். தண்ணீர் தானாக ஏறுமா, ஏறாதா என்பதை ஊராரே அப்போது கணக்கிட்டுப் பார்க்கலாம். தூர் வாரும்போது மடைக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் மடை வழியே வயலுக்குப் பாயாது என்பதும் விளங்கும். மராமத்தில் மடைத் தளம் அரையடி உயர்ந்துவிட்டால் அந்த அரையடித் தண்ணீர் கண்மாயிலேயே தங்கிவிடும்; நஷ்டம் முதலில் கடைமடைக்காரருக்கு. பழைய மட்டம் கல்லில் இல்லையென்றால் அவர் எதைக் காட்டி நியாயம் கேட்பார்?

நீர்வளத்துறையும் உள்ளாட்சிகளும் இதற்கு ஆவன செய்ய வேண்டும். நமக்கும் பொறுப்பு உண்டு. வரப்போரத்திலோ பாலத்திலோ அளவைக் குறியிட்ட கல்லைக் கண்டால் பெயர்த்துவிடாதீர்கள். இனி யார் எத்தனை அடி என்று சொன்னாலும், ‘எங்கிருந்து?’ என்று முதலில் கேளுங்கள்.