இரும்புதானே மாப்ள?

டிஸ்கி: இது துப்பாக்கி எதிர்ப்புப் பதிவு இல்ல. ஆதரவுப் பதிவும் இல்ல. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

போன ஞாயித்துக்கிழமை காலைல போலகத்துல வீட்டுத் திண்ணைல பேப்பரோட உக்காந்திருந்தப்போ டெக்சாஸ்லேருந்து போன். மூணு வருஷம் என்கூட ஒரே அபார்ட்மெண்ட்ல இருந்த பய. "மாப்ள, அடுத்த மாசம் ஒரேயடியா மூட்டை கட்டிக்கிட்டு வர்றேன். அந்த டரட் பிரஸ்ஸையும் பெட்டில போட்டு எடுத்தாரேன். கொல்லைல ஒரு ஷெட் போட்டு மாட்டிருவோம். எங்க மாமாகிட்ட லைசென்ஸோட பன்னெண்டு போர் இருக்குல்ல, அவருக்கு தோட்டா நாமளே அடைச்சுக் குடுத்துரலாம்"னான். வேணாம்டான்னேன். "இரும்புதானே மாப்ள, இதுல என்ன?"ன்னு கேட்டுட்டு, எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்புல படத்தையும் போட்டுட்டான். நாப்பது கட்டைவிரல். ரெண்டு பேர் "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாடா"ன்னு ஆர்டரே குடுத்துட்டானுங்க. எல்லாரும் இன்ஜினியரிங் படிச்சவனுங்க.

அந்த "இரும்புதானே"வுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எனக்கு அந்த மிஷின் ரொம்பப் பிடிக்கும். நான் அங்க இருந்தப்போ எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், கிரீன் கார்டுக்காரர், கராஜுல ஒண்ணு மாட்டி வச்சிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனா அங்க போய் ஸ்டூல் போட்டு உக்காந்து வேடிக்கை பாப்பேன். வேடிக்கை மட்டும்தான். முத நாளே சொல்லிட்டார்: "தம்பி, நீ எச்1பி. எதையும் கைல எடுக்காத. பாக்கறதோட நிறுத்திக்க." ஏன்னு அப்புறம் சொல்றேன்.

தெரியாதவங்களுக்காக: சுட்டு முடிச்ச தோட்டாவுல பித்தளைக் கூடு அப்படியே மிஞ்சும். அதை மறுபடி அழுத்தி பழைய அளவுக்குக் கொண்டாரணும், வெடிச்ச பழைய கேப்பைத் தள்ளிட்டு புதுசு வைக்கணும், வாயை லேசா விரிக்கணும், மருந்து போடணும், மேல குண்டை உக்கார வச்சு வாயை இறுக்கணும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அச்சு, டைன்னு சொல்வாங்க. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ல ஒரு நேரத்துல ஒரு டைதான் மாட்ட முடியும். நூறு கூட்டையும் ஒரு வேலை முடிச்சு, டையைக் கழட்டி, அடுத்த டை மாட்டி, மறுபடி நூறு. டரட்ல எல்லா டையும் ஒரு வட்டத் தலைல நிக்கும், கூடு கீழ ஒரே இடத்துல இருக்கும், தலைதான் சுத்தும். லீ கிளாசிக் டரட்ல நாலு ஓட்டை, லீவரை இழுத்து விட்டா தலை தானா அடுத்த டைக்குத் திரும்பும், நாலு இழுப்புக்கு ஒரு தோட்டா. ரெட்டிங் டி-7ல ஏழு, கையால திருப்பணும். லைமன்ல எட்டு வரைக்கும் போகுது. ப்ரொக்ரெஸிவ்ல ஒவ்வொரு நிலையிலயும் ஒரு கூடு நிக்கும், ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா விழும்.

நம்ம பாஷைல சொன்னா ப்ரொக்ரெஸிவ் பைப்லைன். டரட் சிங்கிள் த்ரெட், நடுவுல காண்டெக்ஸ்ட் மட்டும் மாறுது. பைப்லைன்ல ஒரு இடத்துல சிக்கிக்கிச்சுன்னா உள்ள நிக்கிற நாலஞ்சையும் சந்தேகப்பட்டே ஆகணும்.

குரூப்புல ஒருத்தன் "டரட்லாம் ரெண்டுங்கெட்டான்டா, வாங்கினா ப்ரொக்ரெஸிவ்தான் வாங்கணும், மணிக்கு ஐநூறு வரும்"னு எழுதியிருந்தான். மணிக்கு ஐநூறு தோட்டாவ வச்சு என்னடா பண்ணப் போறே, படையெடுக்கப் போறியா? சிங்கிள்ல ஒரு மணிக்கு அம்பது, டரட்ல நூத்தம்பது சொச்சம். மாசம் ரெண்டு தடவை ரேஞ்சுக்குப் போறவனுக்கு அது தாராளம்.

விஷயம் வேகமே கிடையாது. .38 ஸ்பெஷல் கூடு பழைய காலத்து கருமருந்துக்குன்னு செஞ்சது, உள்ள நிறைய இடம். இப்ப இருக்கிற புகையில்லா மருந்து அதுல அடில கொஞ்சூண்டுதான் கிடக்கும். ரெட்டை அளவு விழுந்தாலும் வழியாது, ஒண்ணுமே தெரியாத மாதிரி குண்டு மேல உக்காந்துக்கும். அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அளவு 17,000 பிஎஸ்ஐ அழுத்தம். ரெட்டை மருந்து அதோட நிக்காது. கையால திருப்பற ப்ரொக்ரெஸிவ்ல (டில்லான் 550 அப்படித்தான்) நடுவுல போன் வந்து, தட்டைத் திருப்பினோமா இல்லையான்னு மறந்து லீவரை அழுத்தினா இதுதான் நடக்கும். டரட்லயும் பாதி இழுப்புல நிறுத்திட்டு மறுபடி அழுத்தினா நடக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா டரட்ல ஒரே ஒரு கூடு, உங்க மூக்குக்கு நேரா. அண்ணன் பிரஸ்ஸுக்கு மேல ஒரு சின்ன எல்இடி லைட்டு ஒட்டியிருந்தார். குண்டை வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் எட்டிப் பாப்பார். ஒவ்வொண்ணுலயும். நான் ஏதாவது பேச ஆரம்பிச்சா லீவர்லேருந்து கையை எடுத்துருவார், பேசி முடிச்சப்புறம்தான் மறுபடி தொடுவார்.

ஒருநாள் அவரோட ரேஞ்சுக்குப் போயிருந்தேன். பக்கத்து லேன்ல ஒரு பெரியவர். "டமார்"னு கேக்க வேண்டிய இடத்துல "பொத்"னு ஒரு சத்தம். மருந்தே விழாத தோட்டா. கேப்பு மட்டும் வெடிச்சு குண்டை குழலுக்குள்ள தள்ளிட்டு அங்கயே விட்டுருச்சு. அண்ணன் "ஸ்டாப்"னு கத்தறதுக்குள்ள அவர் அடுத்ததை அழுத்திட்டார். குழல் நடுவுல பாம்பு எலிய முழுங்கின மாதிரி வீங்கிப் போச்சு. கை தப்பிச்சது. வீட்டுல ப்ரொக்ரெஸிவ்ல அடைச்சதாம். அன்னைக்கு திரும்பி வர்ற வழில கார்ல யாரும் பேசல.

ஆக, அங்க சட்டபூர்வமா வச்சுக்கத் தகுதியிருக்கிற ஆளுக்கு என் சிபாரிசு டரட்தான். இண்டெக்ஸ் பண்ற முறுக்குக் கம்பியை எடுத்துட்டா அதுவே சிங்கிள் ஸ்டேஜ். பத்து தோட்டா அப்படிப் பழகிட்டு அப்புறம் கம்பியைப் போடலாம். தலையோட டை செட்டைத் தூக்கி வச்சுட்டு வேற தலை போட்டா ஒரு நிமிஷத்துல வேற அளவு தோட்டா. அந்தக் கம்பியைத் திருப்பற சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு தேயும், உதிரியா ரெண்டு வாங்கி வச்சுக்கணும். தலை லேசா ஆடும்னு சிலபேர் குறை சொல்வாங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே இடத்துல போய் நின்னா சரி, பிஸ்டல் தோட்டாவுக்கு அது ஒரு குறையே இல்ல.

அடுத்து "காசு மிச்சம்". 2020க்கு முன்னாடி ஆயிரம் கேப்பு முப்பது நாப்பது டாலர். 2021 பஞ்சத்துல நூறு டாலரையும் தாண்டிச்சு. அதுக்கப்புறம் இறங்கினாலும் பழைய விலைக்கு வரல. 9 எம்எம்ல குண்டு, கேப்பு, மருந்து மூணையும் கூட்டினா கடைத் தோட்டாவுக்கும் இதுக்கும் சில்லறை வித்தியாசம்தான். பிரஸ், டை, தராசு, கேலிப்பர் காசை எடுக்க ஆயிரக்கணக்குல சுடணும். அதுக்கும் காசு. அண்ணியே அண்ணன்கிட்ட ஒருநாள் கேட்டாங்க, "இதுவரைக்கும் எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க?"ன்னு. அவர் எங்களுக்கு காபி வேணுமான்னு கேட்டார் :-)

இப்ப அந்த எச்1பி சமாச்சாரம். இதை அங்க இருக்கிற நம்ம மக்கள் கட்டாயம் படிக்கணும். அமெரிக்க சட்டம் 18வது தலைப்பு, 922(ஜி)(5)(பி). குடியேற்றமில்லாத விசால உள்ள வந்தவன் துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாது. எச்1பி, எஃப்1, எல்1 எல்லாம் இதுல சேர்த்தி. விதிவிலக்கு இருக்கு, முக்கியமானது ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ். சரி, நான் தோட்டா வாங்கல, கேப்பும் மருந்தும்தான் வாங்கினேன்னு சொல்றீங்களா? 921ல "தோட்டா"ங்கற வார்த்தைக்கு அர்த்தம் போட்டிருக்கான்: கூடு, கேப்பு, குண்டு, மருந்து எல்லாமே தோட்டாதான். தனித்தனியா டப்பால இருந்தாலும். 2022லேருந்து தண்டனை 15 வருஷம் வரைக்கும். அதோட ஊரு, விசா எல்லாம் காலி.

நம்மாளு பிரஸ் வாங்கினப்போ நான் ஒண்ணும் சொல்லல, அங்க அது நெசமாவே இரும்புதான். ஆனா ஒருநாள் கடைலேருந்து கேப்பு டப்பாவோட வந்து நின்னான். வேட்டை லைசென்ஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அன்னைக்கு ராத்திரி சண்டை. "எவன் வந்து பாக்கப் போறான்"ன்னான். லீஸ்ல என் பேரும் இருக்குடா வெண்ணெய்ன்னேன். கடைசில அண்ணன் வந்து அந்த டப்பாவை எடுத்துக்கிட்டுப் போனார். மூணு வாரம் நாங்க பேசிக்கல.

அங்க கேப்புதான் தோட்டா, மிஷின் வெறும் இரும்பு. இங்க அப்படி இல்ல. நம்ம 1959 ஆயுதச் சட்டம், பிரிவு 2ஐ எடுத்துப் பாருங்க. "வெடிபொருள்"னா என்னன்னு வரிசையா போட்டுக்கிட்டே வந்து, தோட்டாவோட பாகங்களும், தோட்டா செய்யற இயந்திரமும் அதுல அடக்கம்னு எழுதியிருக்கு. அதாவது சட்டத்தோட கண்ணுல அவன் பெட்டில போட்டுக்கிட்டு வர்றது பிரஸ் இல்ல, தோட்டா. கொண்டு வர பிரிவு 10ல லைசென்ஸ் வேணும், செய்யறதுக்கு பிரிவு 5ல லைசென்ஸ் வேணும். மாமாவோட துப்பாக்கி லைசென்ஸைக் காட்டி மருமகன் ஷெட்டுல மிஷின் ஓட்ட முடியாது. 2019ல திருத்தம் கொண்டு வந்தாங்க: பிரிவு 5ஐ மீறி செஞ்சா குறைஞ்சது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். பை ஓரத்துல ஒத்தைத் தோட்டா மறந்து கிடந்துச்சுன்னா "எனக்குத் தெரியாதுங்க"ன்னு கோர்ட்டுல சொல்லி வெளிய வந்தவங்க உண்டு. ஏழெட்டு கிலோ இரும்பை மறந்தாப்ல பெட்டில போட்டுட்டேன்னு எப்படிடா சொல்லுவ?

எங்க ஊர்க்காரனுக்கு இது உறைக்காம இருக்க ஒரு காரணம் இருக்கு. போலகத்துலேருந்து கொஞ்ச தூரம் போனா வாஞ்சூர், அதைத் தாண்டினா நாகூர், தமிழ்நாடு. இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. சட்டைக்குள்ள ரெண்டு பாட்டிலை வச்சுக்கிட்டு செக்போஸ்ட்டைத் தாண்டறதைப் பாத்தே வளந்த பசங்க நாங்க. கடத்தல்னா எங்களுக்கு அதுதான், மாட்டினா நாலு அறை, பாட்டில் போச்சு. இவனும் பிரஸ்ஸை பெரிய பாட்டில்னு நினைச்சுக்கிட்டிருக்கான்.

இதுல உச்சகட்டக் காமெடி என்னன்னா, அவன் கொண்டு வர்ற மிஷின்ல மாமாவோட பன்னெண்டு போர் தோட்டாவை அடைக்கவே முடியாது! அதுக்கு பிரஸ்ஸே வேற ஜாதி. மருந்து, மேல வாட், அதுல ரவை, அப்புறம் பிளாஸ்டிக் வாயை பூ மாதிரி மடிக்கணும். இவன்கிட்ட இருக்கிற டை எல்லாம் 9 எம்எம். அது இங்க தடை செஞ்ச போர், சாதாரண ஆளுக்கு லைசென்ஸே தர மாட்டாங்க. அதனாலதான் நம்ம ஆர்டினன்ஸ் ஃபேக்டரிகள் பொதுமக்களுக்குன்னு .32ல ரிவால்வர் செஞ்சாங்க. ஆக ஏழு வருஷ ரிஸ்க் எடுத்துக் கொண்டு வந்து கொல்லைல மாட்டி, அதை வச்சு அவன் தேங்காதான் நசுக்கணும்.

"அப்ப நம்ம ஊர்ல விளையாட்டுல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"ன்னு குரூப்புல ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. பாரிஸ் 2024 ஒலிம்பிக்ஸ்ல டிராப் சுட்ட நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானையே எடுத்துக்கங்க. தகுதிச் சுற்றுல 125 தட்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தோட்டா வரைக்கும் சுடலாம். போட்டிக்கே இவ்வளவுன்னா பயிற்சிக்கு எவ்வளவு ஆகும்னு பாத்துக்கங்க. தோட்டா செலவு அவங்களுக்கு நெசமான தலைவலி. அவங்களுக்கு வழியை லேசாக்கணும்னு யாராவது மனு போட்டா நானும் கையெழுத்துப் போடறேன். கொல்லை ஷெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.

இன்னொண்ணு. இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எங்க தெருவுல ஒரு பெரியப்பா இருக்கார். சின்ன வயசுல கோயில் திருவிழாவுக்கு அதிர்வேட்டு கட்டுவார், வீட்டுத் தாழ்வாரத்துலயே. ஒரு வருஷம் கெட்டிக்கும்போது ஒரு தடவை தப்பாத் தட்டிட்டார். வலது கைல இப்ப ரெண்டு விரல்தான். பந்தில எங்க எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சுப் போயிருவார், அவர் சாப்பிடறதை யாரும் பாக்கறது பிடிக்காது. அவரும் அன்னைக்கு "எத்தனை வருஷமா கட்டறேன், மருந்துதானே"ன்னுதான் சொன்னாராம். நம்மாளுக்கு இவரைத் தெரியும். சின்னப் பிள்ளைல அவர் தோள்ல ஏறித்தான் தேர் பாத்தான்.

இதையெல்லாம் நேத்து போன்ல சொன்னேன். பெரியப்பா பேரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரிடா, பிரஸ்ஸை அண்ணன்கிட்டயே குடுத்துட்டு வந்துடறேன்"னான். அப்பாடான்னு இருந்துச்சு. வைக்கப் போனேன்.

"மாப்ள, அந்த டரட் தலை மட்டும்... டேபிள்ல பேப்பர் வெயிட் மாதிரி..."

"பாகம்னும் எழுதியிருக்குடா. போனை வை."